முதுகைக் காட்டிப் பாடம் நடத்திய வருடங்கள்

சொல்வதை எழுதுதல் நோட்டு ஒன்று இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. நான்காம் வகுப்பு, ஜூலை மாதம். அன்றைக்கு நான் சொன்ன பத்துச் சொற்களில் மாலை, மரம், மழை, படம், பாடம் ஆகிய ஐந்தும் உண்டு. நோட்டில் இருப்பது பாலை, பரம், பழை, மடம், மாடம். ஐந்துக்கும் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, அடியில் 'கவனம் தேவை' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். அவளுடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

நோட்டுக்குச் சொந்தக்காரிக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். இரண்டு காதிலும் பின்பக்கமாக மாட்டும் கருவி உண்டு. அவளுக்குக் காது கேட்பதில் குறை இருப்பது எனக்குத் தெரியும். பதிவேட்டில் இருந்தது, அடையாள அட்டையின் நகலும் கோப்பில் இருந்தது. கருவிதான் மாட்டியிருக்கிறாளே, அப்புறம் என்ன என்று நினைத்தேன். முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். என் பங்கு அத்துடன் முடிந்தது என்றும் நினைத்தேன். சில நாள் பத்துக்கு எட்டு, ஒன்பது வாங்குவாள். சில நாள் மூன்றோடு நிற்பாள். விளையாட்டுப் புத்தி என்று முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கு வட்டார வள மையத்திலிருந்து, குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் வாரம் ஒரு நாள் வருவார். அவருக்கு இன்னும் பல பள்ளிகள் இருந்ததால் எங்களுக்குக் கிடைப்பது அரை நாள்தான். அன்று வந்தவர் பாப்பாவின் நோட்டை எடுத்துப் புரட்டினார். மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை, தப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"டீச்சர், ம வர வேண்டிய எடத்துல ப, ப வர வேண்டிய எடத்துல ம. வேற தப்பே இல்ல பாருங்க. இது கவனக்குறைவு இல்லைங்க. இவ உங்க வாயைப் பாத்து எழுதியிருக்கா."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் அம்மா என்று ஒரு தரம், அப்பா என்று ஒரு தரம் சொல்லிப் பார்க்கச் சொன்னார். அன்று ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். ஒரு மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியவில்லை. இரண்டு உதடும் சேர்ந்தால் பிறக்கும் எழுத்துகள் ப, ம என்று ஆசிரியர் பயிற்சியில் மனப்பாடம் செய்து எழுதியவள் நான். எங்கே பிறக்கிறது என்று படித்தேன். உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்ததே இல்லை. காலையும் ஆலையும்கூட அப்படித்தான். க தொண்டைப் பக்கம் பிறப்பதால் வெளியே தெரிவதில்லை.

பயிற்றுநர் அன்றைக்கே இன்னொன்றும் செய்து காட்டினார். ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளை, நடுநடுவே இடைவெளி விட்டுச் சொன்னார். ஒலி கேட்டால் பாப்பா ஒரு மணியை எடுத்து டப்பாவில் போட வேண்டும். அடித்தொண்டை ஒலியிலிருந்து மேல் ஸ்தாயி வரை பேச்சில் வரும் எல்லா ஒலிக்கும் இந்த ஆறும் மாதிரி. பாப்பா தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணிகூட டப்பாவில் விழவில்லை. கருவியின் சின்னக் கதவைத் திறந்து பார்த்தால் பேட்டரி தீர்ந்து கிடந்தது, இரண்டு பக்கமும்.

எட்டும் ஒன்பதும் வாங்கிய நாட்கள் பேட்டரி இருந்த நாட்கள். மூன்று வாங்கியவை இல்லாத நாட்கள். அந்த நோட்டு அவளுடைய பேட்டரிக் கணக்குப் புத்தகமாக இருந்திருக்கிறது. நான் அதில் கவனம் தேவை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேட்டரி பொத்தான் மாதிரி இருக்கும். ஒரு அட்டையில் ஆறு. ஒவ்வொன்றின் முதுகிலும் நிறமுள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அவளுடையதில் நீலம். ஸ்டிக்கரை உரித்ததும் சின்னத் துளை வழியாகக் காற்று உள்ளே போய்த்தான் அது வேலை செய்யத் தொடங்கும். உரித்தபின் கருவியை அணைத்து வைத்தாலும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். பாப்பாவின் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. மிச்சம் பிடிக்க வேண்டும் என்று சனி, ஞாயிறில் பேட்டரியைக் கழற்றி, உரித்த ஸ்டிக்கரையே மறுபடி ஒட்டிப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். கருவியை முகாமில் இலவசமாகக் கொடுத்தார்கள். மாதாமாதம் பேட்டரி வாங்கும் செலவு வீட்டின் தலையில் விழுந்தது.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறிப் பட்டறையில் வேலை. அந்தப் பக்கம் நடந்து போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், தெருவில் நுழையும்போதே தறிச் சத்தம் நெஞ்சில் அடிக்கும். உள்ளே பத்துத் தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் கத்துவதே இல்லை. தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாக அசைத்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். நூல் அறுந்தது, ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தது, டீ வந்தது எல்லாம் முகத்திலும் கையிலும் ஓடிக்கொண்டிருக்கும். பாப்பா தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவள் அம்மா அவளிடம் பேசியதும் இதே விதத்தில்தான். பிள்ளையும் பதில் சொல்லியிருக்கிறாள். அதனாலேயே நாலு வயது வரைக்கும் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அங்கன்வாடி அம்மா முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். பரிசோதனையில் இரண்டு காதிலும் 70 டெசிபலுக்கு மேல் இழப்பு.

நான் அந்த அம்மாவை அழைத்துப் பேட்டரி விஷயத்தைச் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பாப்பா வந்து ஏதோ கேட்டாள். அம்மா பேச்சை நிறுத்தி, குனிந்து, அவள் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒரே ஒரு தரம், நிதானமாகச் சொன்னார். பிள்ளை தலையாட்டிவிட்டு ஓடிவிட்டாள். உடனே எனக்கு என் வகுப்பறை ஞாபகம் வந்தது. நான் பாடம் நடத்துகிற விதம் என்ன? கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவது. அதாவது முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது. புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வாசிப்பது. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே கேள்வி கேட்பது. எல்லாம் நல்ல பழக்கம் என்று எனக்குச் சொல்லித்தரப்பட்டவை. பதினான்கு வருடப் பழக்கம்.

இதை மாற்றுவது எழுதுகிற அளவுக்குச் சுலபமாக இல்லை. முதலில் எழுது, அப்புறம் திரும்பு, அப்புறம் பேசு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு மாதம் வரைக்கும் பாதி நாள் மறந்துவிடுவேன். முதல் பெஞ்சும் தப்பான இடம் என்று பிறகு தெரிந்தது. அங்கே உட்கார்ந்தால் என் முகம் தெரியும், பின்னால் இருந்து பதில் சொல்லும் பிள்ளைகள் தெரிய மாட்டார்கள். இரண்டாவது வரிசையில் சுவர் ஓரமாக, கொஞ்சம் சாய்வாக உட்கார வைத்தோம். அங்கிருந்து வகுப்பு மொத்தமும் தெரியும். நான் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஜன்னல். காலை வெயிலில் அவளுக்கு என் முகம் கறுப்பாகத்தான் தெரிந்திருக்கும். அதனால் நானும் எதிர்ப்பக்கம் நகர்ந்தேன்.

கருவி எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கும். டீச்சர் குரல் இது, பெஞ்ச் இழுக்கும் சத்தம் இது என்று பிரித்துக் கொடுக்காது. எங்கள் மின்விசிறி ஒன்று கடகடவென்று ஓடும். அதைச் சரிசெய்தோம். பெஞ்ச் கால்களுக்குப் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டினோம், பிள்ளைகளே மாட்டினார்கள். சொல்வதை எழுதும்போது தனிச் சொல்லாகச் சொல்வதை நிறுத்தினேன். 'மாலையில் மழை பெய்தது' என்று வாக்கியமாகச் சொன்னால் பாலையில் பழை என்று யாரும் எழுத மாட்டார்கள். தினமும் காலையில் அந்த ஆறு ஒலி. முதலில் பாப்பாவுக்கு மட்டும் செய்தேன். மற்ற பிள்ளைகளும் மணி போட வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள், சரி என்று எல்லோருக்கும் வைத்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அவள் பெஞ்சில் தலை சாய்ப்பாள். சோம்பல் என்று அதட்டியிருக்கிறேன். காலை முழுக்கக் கண்ணாலும் அரைகுறைக் காதாலும் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக் கோத்துக்கொண்டிருக்கிற பிள்ளை அது. நமக்குத் தெரியாத பாஷையில் ஒரு நாள் முழுக்கக் கூட்டத்தில் உட்கார்ந்து வந்தால் எப்படித் தலை வலிக்கும்! தமிழையும் கணக்கையும் காலையில் வைத்துவிட்டு, ஓவியத்தையும் கைவேலையையும் மத்தியானத்துக்குத் தள்ளினேன்.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. நான் ஒரே இடத்தில் நின்று முகம் பார்த்துப் பேசத் தொடங்கியதும், கடைசி வரிசைப் பையன் ஒருவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருப்பது கண்ணில் பட்டது. அவனுக்குப் பலகையில் எழுதுவது தெரியவே இல்லை. இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான்.

ஏற்காட்டுப் பையனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சொல்ல இஷ்டம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

எனக்கு முதல் வேலை மலையில். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரிக்கு அப்பால் இன்னும் கொஞ்சம் போனால் வரும் ஒரு சிற்றூர். அங்கே மூளை முடக்குவாதம் உள்ள பையன் ஒருவன் இருந்தான். கால் இரண்டும் விறைப்பு, பேச்சு குழறும், புத்தி படு கூர்மை. மனக்கணக்கில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. தினமும் தாத்தா முதுகில் சுமந்து வந்து விட்டுவிட்டுப் போவார். "நான் இருக்கற வரைக்கும் தூக்கியாறேங்க டீச்சர்" என்பார். நவம்பர் பிறந்தால் காப்பிப் பழம் பறிக்கும் காலம். வீட்டில் எல்லோருக்கும் எஸ்டேட்டில் வேலை, தாத்தாவுக்கும்தான். ஜனவரி, பிப்ரவரி வரை அவன் பாதி நாள் வரமாட்டான். நான் பதிவேட்டில் சுழி போட்டுக்கொண்டு போனேன்.

பள்ளிக்குச் சாய்தளம் கட்டினார்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது அதற்குக் கணக்கு. மலையில் அவ்வளவு இடம் எங்கே என்று செங்குத்தாகக் கட்டிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடினார்கள். கழிப்பறை எட்டுப் படி கீழே இருந்தது, அங்கே சாய்தளம் கிடையாது. அந்தப் பையன் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டான். தாகம் எடுக்காத பிள்ளை என்று நினைத்திருந்தேன். அவன் பள்ளிக்கு வருவது நின்ற பிறகுதான் அவன் தாத்தா காரணத்தைச் சொன்னார்.

பையன் வளர்ந்தான், கனத்தான். தாத்தாவுக்கு முட்டி போய்விட்டது. ஐந்தாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. பெயர் மட்டும் எங்கள் பதிவேட்டிலேயே இருந்தது, வீட்டுவழிக் கல்வி என்று குறித்து. இயன்முறை மருத்துவரும் பயிற்றுநரும் அவ்வப்போது போய் வந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. கழிப்பறை வரைக்கும் ஒரு கைப்பிடிக் கம்பியும், பறிப்புக் காலத்தில் தூக்கிவர ஒரு ஆளும் இருந்திருந்தால் அவன் என் வகுப்பிலேயே இருந்திருப்பான். ஊர்க் கூட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. பாப்பாவின் நோட்டைப் பயிற்றுநர் புரட்டிய அன்றைக்கு எனக்கு முதலில் வந்தது அவன் ஞாபகம்.

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 1995 சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைச் சொன்னது, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அப்போதுதான் பட்டியலுக்குள் வந்தன. பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ. உச்ச நீதிமன்றம் 2021-இல் வழக்கு ஒன்றில் தலையிட்ட பிறகு, சிறப்பு ஆசிரியர் விகிதமும் 2022-இல் வந்துவிட்டது. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர். வாரத்துக்கு அரை நாள் ஓடி வந்துபோகும் எங்கள் பயிற்றுநரை நினைத்துக்கொண்டு இதைப் படித்தேன்.

பாப்பாவை முதலில் ஒரு தனியார் பள்ளியில் சேர்க்கப் போயிருக்கிறார்கள். "இந்தக் குழந்தையை வெச்சுக்கிட்டு மத்தப் பிள்ளைங்களுக்கு எப்படிங்க பாடம் நடத்தறது, ஸ்பெஷல் ஸ்கூல்ல பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அதே வாக்கியத்தை, கொஞ்சம் மரியாதையாக, ஆசிரியர் அறையில் நானும் சொல்லியிருக்கிறேன் என்பது பிறகு ஞாபகம் வந்தது. வேறொரு வருடம், வேறொரு பிள்ளையைப் பற்றி.

சிறப்புப் பள்ளியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சுத்தமாகக் காது கேட்காத பிள்ளைக்குச் சைகை மொழிதான் தாய்மொழி மாதிரி. அந்த மொழியில் பேச இன்னொரு பிள்ளைகூட இல்லாத வகுப்பில் அதை உட்கார வைத்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் உள்ளடக்கிய கல்வி கொடுத்துவிட்டோம் என்று சொல்ல எனக்கு நா எழாது. எல்லோரும் சிரிக்கும்போது ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்துவைக்கிற பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அது தனிப் பள்ளியைவிடப் பெரிய தனிமை. எது வேண்டும் என்பதைப் பெற்றவர்களும் பிள்ளையும் முடிவு செய்யட்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் நம் பள்ளிக்கு வருகிறேன் என்று வந்த பிள்ளைக்கு, வகுப்பாசிரியர்தான் முதல் ஆள். பயிற்றுநர் அரை நாள் இருப்பார். மிச்சம் நாலரை நாளும் என் முகமும், நான் நிற்கும் இடமும், என் பேச்சு வேகமும்தான் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். பயிற்சிகளில் எங்களுக்குச் சட்டப் பிரிவுகளைச் சொல்கிறார்கள், படிவங்களை நிரப்பச் சொல்லித் தருகிறார்கள். ஒருவர்கூட 'வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி நில்லுங்கள்' என்று சொன்னதில்லை. அதைச் சொல்ல அரை நிமிஷம் போதும்.

பேட்டரிக்கு ஒரு வழி செய்தோம். சக ஆசிரியர்கள் மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு அட்டை வாங்கி அலமாரியில் வைத்தோம். இப்படி நன்கொடையில் ஓட வேண்டிய விஷயம் இல்லை இது, கருவியோடு சேர்ந்து வர வேண்டியது. கருவி கொடுக்கும்போதே வருடத்துக்கான பேட்டரியும் கொடுக்க வேண்டும். பிள்ளை வளர வளர, கருவியைக் காதுக்குள் பொருத்தும் காது அச்சு தளர்ந்துபோய்க் கருவி கீச்சென்று கத்தும், அதை மாற்றும் தேதியையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பாப்பாவின் அச்சு கீச்சிடத் தொடங்கியதும் அவள் வெட்கப்பட்டுக் கருவியையே கழற்றிப் பையில் போட்டுவிட்டாள். புது அச்சு வர ஆறு வாரம் ஆயிற்று.

ஒலியில் வித்தியாசம் தெரிய அவளுக்குப் பயிற்றுநர் ஒரு உபாயம் சொல்லிக்கொடுத்தார். ம சொல்லும்போது மூக்கில் விரல் வைத்தால் அதிரும், ப சொல்லும்போது அதிராது. வாசிக்கும்போது பாப்பா ம வருகிற இடத்திலெல்லாம் மூக்கைத் தொட்டுக்கொள்வாள். கொஞ்ச நாளில் வகுப்பே அதைப் பிடித்துக்கொண்டது. அவளிடம் பேசும்போது மாமா, மாங்காய், மணி என்றால் எல்லாப் பிள்ளைகளும் மூக்கைத் தொட்டுத்தான் சொல்வார்கள். நான் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

இந்த ஜூனில் அவள் ஆறாம் வகுப்புக்கு நடுநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். இங்கே நான் ஒருத்தி. அங்கே பாடத்துக்கு ஒரு ஆசிரியர். எங்கே உட்கார வைக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், பேட்டரி எப்படிப் பார்ப்பது என்று ஒரு பக்கத்துக்கு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் வாங்கிப் படித்து, எல்லோருக்கும் நகல் கொடுக்கிறேன் என்றார். கணக்கு ஆசிரியர் மட்டும் நின்று இரண்டு சந்தேகம் கேட்டார். மற்றவர்களை நான் பார்க்கவில்லை. மறுபடி ஒரு தடவை போக வேண்டும்.

ஆடிப் பண்டிகைக்குச் சேலத்தின் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். சாமி வேஷம் கட்டியவர்களை ஏற்றிக்கொண்டு ஜோடித்த வண்டிகள் வந்துகொண்டிருந்தன. மேளமும் வெடியும் காதைப் பிளந்தன, பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் சொன்னதே எனக்குக் கேட்கவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வீட்டுத் திண்ணைமேல் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். யாரோடு வந்தாய் என்று வாயசைத்துக் கேட்டேன். பதில் சொன்னாள். உதடு இரண்டும் சேர்ந்து பிரிந்தது போலத் தெரிந்தது. அம்மாவா, அப்பாவா? தெரியவில்லை என்று கையை விரித்தேன்.

அவள் சிரித்துக்கொண்டே விரலை எடுத்து மூக்கின்மேல் வைத்து, மறுபடி சொன்னாள். நான் கூட்டத்தில் அவள் அம்மாவைத் தேடினேன்.